அறுபத்திரண்டு சம்மதங்கள்

காலை ஷிப்டுக்கு வருகிறவர்கள் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது குழந்தைவேலின் சாம்பல்கல் கம்பெனியில் பழைய சட்டம். கேட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் மரத் தட்டுகள், தட்டுகளில் எண் எழுதிய சின்னச் சின்ன அறைகள். அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் குழைத்துக் கல்லாக அடிக்கிற அந்த இடத்தில் அறுபத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். அறுபத்திரண்டு பேரின் போனும் பகல் முழுக்க அந்த அறைகளில்தான் கிடக்கும்.

தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, டைம்கீப்பர் அன்புமணி கேட்டில் நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான்.

"மொதலாளி புது ஆப் போடச் சொல்லியிருக்காரு. எல்லாரும் லாக்கை எடுத்துட்டுக் குடுங்க. எடுக்கத் தெரியாதவங்க, கோடு எப்படி இழுப்பீங்களோ அதை ஒரு சீட்டுல வரைஞ்சி போன் முதுவுல ஒட்டிட்டுப் போங்க."

ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. வீட்டுச் சாவியைக் கேட்டிருந்தால் யோசித்திருப்பார்கள். போன்தானே! அதிலும் கேட்டது அன்புமணி. கேஸ் புக் பண்ணித் தருவதும் அவன்தான், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற செய்தியைப் படித்துச் சொல்வதும் அவன்தான். போனில் எது மக்கர் செய்தாலும் அவனிடம்தான் ஓடுவார்கள். ஆகவே சீட்டு வாங்க வரிசை கட்டி நின்றார்கள்.

கல் அடுக்குகிற செவ்வந்தி மட்டும் எட்டிப் பார்த்துக் கேட்டாள். "என்னாண்ணே போடறீங்க அதுல?"

"வருகைப் பதிவு ஆப். மூஞ்சியைக் காட்டுனா வந்துட்டன்னு அதுவே எழுதிக்கும். நாளையிலேர்ந்து கையெழுத்து நோட்டு கெடையாது."

"கீழ இங்கிலீசுல என்னமோ நெறைய வந்துகினு இருக்குதே?"

"அதையெல்லாம் படிச்சிகினு ஒக்காந்தா இன்னிக்குக் கல்லு யாரு அடுக்கறது? நீ போ, நான் பாத்துக்கறேன்."

செவ்வந்தி சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அண்ணனுக்கு ஒரு டீ சொல்லுங்கப்பா என்று போகிற போக்கில் யாரோ சொன்னார்கள். டீயும் வந்தது. அன்புமணி அதைக் குடித்துக்கொண்டே ஒவ்வொரு போனாக எடுத்தான், செயலியைப் போட்டான், அந்தப் பதினாலு வரி இங்கிலீஷுக்குக் கீழே இருந்த 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்கினான், எடுத்த அறையில் திரும்ப வைத்தான். ஆறு நாற்பதுக்கு ஆரம்பித்து எட்டேகாலுக்குள் அறுபத்திரண்டு பேரும் சம்மதித்து முடித்துவிட்டார்கள். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்தப் பதினாலு வரியில் என்ன இருந்தது? செயலி திடீரென்று நின்றுபோனால் அந்தப் போனுக்கு உரியவரின் பெயர், எண், அப்போது அவர் இருந்த இடம், நேரம் எல்லாவற்றையும் ஓர் அறிக்கையாக எழுதி, பழுது பார்ப்பதற்காகச் செயலியே அனுப்பிவிடும் என்று இருந்தது. அமுக்கியவன் அதைப் படிக்கவில்லை. போனுக்குச் சொந்தக்காரர்கள் அதைப் பார்க்கவே இல்லை. இதில் பெரிய வேடிக்கை, அதை எழுதியவளும் ஒழுங்காகப் படித்ததில்லை. வேறொரு செயலியிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தாள்.

எழுதியவள் பெயர் இசைப்பிரியா. நெய்வேலி நகரியத்துக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட். சென்னையில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அடுத்தவனுக்கு உழைத்தது போதும் என்று வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தாள். குழந்தைவேல் கம்பெனியின் வருகைப் பதிவுதான் அவளுடைய முதல் வேலை. கெட்ட பெண் இல்லை. ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டால் சாப்பாட்டை மறந்து உட்காருகிறவள். கெட்டவர்கள் செய்திருந்தால் இந்தக் கதையை நான் எழுதவே வந்திருக்க மாட்டேன்.

வருகைக் கணக்கு முழுவதும் குழந்தைவேலின் ஆபீஸ் கணினியில் இருந்தது. அதைத் திருத்துகிற அதிகாரத்தையும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். இசைப்பிரியாவிடம் வந்து சேர்ந்தவை பழுதறிக்கைகள் மட்டும். அவை நிறையவே வந்தன. தினமும் காலையில் போன்களைத் தகரக் கொட்டகையில் வைத்த சற்று நேரத்துக்கெல்லாம் செயலி ஒவ்வொன்றாக நின்றுபோகும். சாயந்திரம் போன் வெளியே வந்ததும் அறிக்கை கிளம்பி வரும். தகரத்தின் சூட்டில்தான் போன்கள் நின்றுபோகின்றன என்று அவள் நினைத்துக்கொண்டாள். வந்ததையெல்லாம் பெயரோடும் இடத்தோடும் சேர்த்து வைத்தாள். விவரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சுலபம் பழுது பார்ப்பது. அப்படித்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது யாருடைய விவரம் என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

அறுபத்திரண்டு பெயர்களுக்கு எதிரிலும் 'சம்மதம்' என்று பச்சைக் குறி இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் அறுபத்திரண்டு பேர் வரிசையாக இங்கிலீஷ் படித்துச் சம்மதித்தார்களா என்று அவள் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பச்சையைப் பார்த்தவுடன் யாருக்கு யோசிக்கத் தோன்றுகிறது?

பங்குனி இரண்டாம் வாரத்தில், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, சாகுல் ஹமீதின் வலது கை மிக்ஸருக்குள் போனது.

ஹமீது மந்தாரக்குப்பத்துக்காரர். பதினோரு வருஷமாக அந்தச் சாம்பல் குழைக்கும் எந்திரத்தோடு குடும்பம் நடத்தியவர். கலவை கட்டிதட்டி அடைத்துக்கொண்டால் எந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் தட்டிவிட வேண்டும் என்று மற்றவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அன்றைக்கு வாசலில் இரண்டு லாரிகள் காத்துக்கொண்டிருந்தன. குழந்தைவேல் தலைமேல் நின்று, "நிறுத்தாத பாய், ஓடறப்பவே தட்டிவுடு" என்று கத்தினார். அங்கே நின்ற ஒன்பது பேர் அதைக் காதால் கேட்டார்கள். அடுத்து நடந்ததைக் கண்ணாலும் பார்த்தார்கள்.

மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. குழந்தைவேல் தன் காரிலேயே அவரைத் தூரத்து ஊர் ஒன்றில் இருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வண்டியிலிருந்து விழுந்து லாரிச் சக்கரத்தில் கை மாட்டிக்கொண்டது என்று எழுத வைத்தார். அன்று சாயந்திரமே ஆபீஸ் கணினியில் வியாழக்கிழமை வருகைக் கணக்கைத் திறந்து, சாகுல் ஹமீது என்ற வரியை எடுத்துவிட்டார். வேலைக்கே வராத மனிதனுக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்? மனிதனுக்குக் கை போன அன்றைக்கே அந்த நாளும் போய்விட்டது.

ஹமீதின் மனைவி முனவரா பத்து நாள் ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் நடந்தாள். அன்றைக்கு அவர் வேலைக்கே வரவில்லை, கணக்கில் பெயர் இல்லை என்று சொல்லிக் கம்பெனியில் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அந்த ஒன்பது பேரிடம் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், செவ்வந்தியின் கொழுந்தனாருடைய முந்திரித் தோப்பில் கூடினார்கள். ரோட்டிலிருந்து உள்ளே ஒன்றரை கிலோமீட்டர், ஆள் நடமாட்டம் கிடையாது. ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"அவரு அன்னிக்கு உங்களோடதான் வேல செஞ்சாரு. அதை மட்டும் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று சொல்லி முனவரா அழுதாள்.

"இதுக்குப் போயி அழுவாதீங்கக்கா. எங்க கண்ணு முன்னாடி நடந்தது" என்றாள் செவ்வந்தி.

கலவைக்குச் சாம்பல் அள்ளிப் போடுகிற சிங்காரவேல் எழுந்து நின்றே சொன்னார். "புதன்கிழமை கடலூரு போறோம். லேபர் ஆபீஸ்ல மொதக் கையெழுத்து என்னுது."

ஒன்பது பேரும் கையடித்துச் சத்தியம் செய்தார்கள். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளிடம்கூடச் சொல்லக் கூடாது என்று முடிவானது. ஒரு காகிதத்தில்கூட ஒருவர் பெயரையும் எழுதவில்லை. ஆனால் ஒன்பது போன்களும் சட்டைப் பையிலும் இடுப்பிலும் இருந்தன. அந்தத் தோப்பில் சிக்னல் கிடையாது. வெளியுலகத்தைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, ஐந்து பத்துக்கும் ஐந்து இருபதுக்கும் நடுவில் ஒன்பது போன்களிலும் செயலி நின்றுபோனது. அவர்கள் ரோட்டுக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் ஒன்பது அறிக்கைகளும் கிளம்பின.

திங்கட்கிழமை காலையில் இசைப்பிரியா அவற்றைப் பார்த்துத் துள்ளி எழுந்தாள். இரண்டு மாதமாகப் பிடிபடாத பிழை பிடிபட்டுவிட்டது! தோப்பில் தகரமும் இல்லை, சூடும் இல்லை. அங்கேயும் நின்றுபோகிறது என்றால் காரணம் சிக்னல்தான். பதினோரு மணிக்குள் பிழையைச் சரிசெய்துவிட்டாள். உடனே குழந்தைவேலுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். நேற்று ஒரே இடத்தில் ஒன்பது பேருக்குச் செயலி நின்றுபோனது, முதலில் அவர்களுடைய போனில் புது வெர்ஷனைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதி, கீழே ஒன்பது பேருடைய பெயரையும் வரிசையாகப் போட்டாள்.

ஐந்து நிமிஷத்தில் குழந்தைவேலே கூப்பிட்டார்.

"எந்த எடம்மா அது?"

"மேப்ல பாத்தா ஏதோ முந்திரித் தோப்பு மாதிரி இருக்கு சார். லிங்க் அனுப்பட்டுமா?"

"அனுப்பு. எத்தினி மணிக்கு?"

"அஞ்சே கால் வாக்குல சார். ஒன்பது பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே டைம்."

அவர் ஒன்பது பெயர்களையும் ஒரு முறை வாய்விட்டுப் படித்துக்கொண்டார். பிறகு, "கெட்டிக்காரப் பொண்ணுமா நீ. நான்கூட இந்த ஆப் தண்டம்னு நெனச்சேன்" என்றார்.

முதல் வாடிக்கையாளரின் பாராட்டு. அன்று பகல் முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அன்புமணி கேட்டில் நின்று, கையிலிருந்த சீட்டைப் பார்த்து ஒன்பது பெயர்களைப் படித்தான். படிக்கும்போது அவன் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. இந்த ஒன்பது பேருக்கும் இனிமேல் வேலை இல்லை. காரணம் கேட்டபோது, "தோப்புல போயி ஒக்காந்துக்கச் சொன்னாரு" என்றான்.

வேலை போனதைவிட அந்த ஒரு சொல்தான் அவர்களை உடைத்தது. தோப்பு எப்படித் தெரிந்தது? அங்கே இருந்தது ஒன்பது பேர், முனவராவோடு பத்து. கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வருவதற்குள்ளேயே ஒருவரை ஒருவர் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பேச்சின் நடுவில் பீடி பிடிக்க எழுந்து போனது யார்? சிங்காரவேல். அவ்வளவு சத்தமாக, முதல் கையெழுத்து என்னுது என்று சொன்னது யார்? அதுவும் சிங்காரவேல். திருடன்தான் முதலில் 'திருடன் திருடன்' என்று கத்துவான் என்றான் ஒருவன்.

"எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் சொல்லல" என்று சிங்காரவேல் நடுரோட்டில் நின்று கதறினார். நம்ப ஒரு ஆள் இல்லை. அன்று சாயந்திரம் அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்துகொண்டார்கள்.

புதன்கிழமை கடலூர் பஸ்ஸில் ஒருவரும் ஏறவில்லை. குழந்தைவேல் சொல்லி அனுப்பியிருந்தார். விபத்து நடந்த வியாழக்கிழமை ஹமீது வேலைக்கு வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்வாராம். ஐந்து பேர் போட்டார்கள். மூன்று பேர் எந்தப் பக்கமும் வேண்டாம் என்று வெளியூருக்கு வேலை தேடிப் போனார்கள். கையெழுத்துப் போட்ட ஐந்து பேரில் முதல் ஆள் சிங்காரவேல். செவ்வந்தி வழிமறித்துக் கேட்டபோது அவர் தலைநிமிரவில்லை.

"துரோகின்னு பேரு வாங்கிட்டன். இனிமே நாயமா இருந்து யாருக்கு என்ன ஆவப்போவுது செவ்வந்தி?" என்றார்.

அந்த மனிதரைத் துரோகி ஆக்கியது எது என்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அதனால் அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

மிஞ்சியது செவ்வந்தி ஒருத்திதான். அவளை அன்புமணி மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் பார்த்தான். இரண்டு நாளாக அவனுக்குத் தூக்கம் இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "சிங்காரவேலு இல்ல. லிஸ்ட்டு கம்ப்யூட்டர்லேர்ந்து வந்துது. அந்த ஆப் செஞ்ச டவுன்ஷிப்புப் பொண்ணு அனுப்பிச்சது" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

விசாரித்துக்கொண்டு செவ்வந்தி குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வந்தபோது பகல் பன்னிரண்டு மணி. இசைப்பிரியா கதவைத் திறந்து, தண்ணீர் கொடுத்து, நாற்காலியில் உட்காரச் சொன்னாள். செவ்வந்தி உட்காரவில்லை.

"நாங்க தோப்புல இருந்தது உனக்கு எப்படிம்மா தெரிஞ்சிது?"

"எந்தத் தோப்பு?" என்று கேட்டவள், வந்தவளின் பெயரைக் கேட்டதும் சிரித்தாள். "ஓ, செவ்வந்தியா நீங்க! உங்க ஆப் நின்னுபோச்சு இல்லக்கா, அதுல ரிப்போர்ட் வந்தது. இப்ப சரி பண்ணிட்டேன். இனிமே பிரச்சினை வராது."

செவ்வந்தி நடந்ததைச் சொன்னாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. மிக்ஸர், ஹமீதின் கை, தோப்பு, செவ்வாய்க்கிழமை கேட்டு, சிங்காரவேல், ஐந்து கையெழுத்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேட்கக் கேட்க இசைப்பிரியாவின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் அந்தப் பெயர்களைத் தட்டச்சு செய்தது அவள் விரல்கள்தான்.

"அக்கா, நான் திருட்டுத்தனமா எதுவும் எடுக்கல. நீங்க எல்லாரும் சம்மதம் குடுத்திருக்கீங்க. இதோ பாருங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள்.

செவ்வந்தி குனிந்து பார்த்தாள். தன் பெயரைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. எதிரில் பச்சைக் குறி, தேதி, நேரம்.

"ஏழு மணி அஞ்சு நிமிசம்னு போட்டிருக்குது. அன்னிக்கு ஏழு மணிக்கு நான் உள்ள கல்லு தூக்கிகினு இருந்தேம்மா. எங்க போனெல்லாம் கேட்டுல கெடந்துது. இதை அமுக்கினது அன்புமணி."

"எல்லாரோடதுமா?"

"எல்லாரோடதும். ஒரே ஆளு."

இசைப்பிரியா நேரங்களை மேலிருந்து கீழே பார்த்தாள். ஒன்றரை நிமிஷத்துக்கு ஒன்று. இரண்டு மாதமாகக் கண் முன்னால் இருந்ததுதான். கொடுத்த தண்ணீரைத் தொடாமலே செவ்வந்தி போய்விட்டாள்.

மூன்று மணிக்குக் குழந்தைவேல் கூப்பிட்டார். தை மாதத்திலிருந்து யார் யார் எங்கெங்கே போனார்கள், யாரோடு இருந்தார்கள் என்று மொத்தமும் வேண்டும் என்றார். "உங்கிட்டதான் எல்லாம் வந்து வுழுதாமே? நாளைக்கு ஆள் அனுப்பறேன், குடுத்துடு."

"அது பழுது பாக்கறதுக்காக வந்தது சார். ஆளைப் பாக்கறதுக்கு இல்ல. தர மாட்டேன்" என்றாள். அவர் கத்தத் தொடங்கியதும் போனை வைத்துவிட்டாள்.

நாளைக்கு ஆள் வரும். மிரட்டுவார்கள், அப்பாவிடம் பேசுவார்கள். கையில் இருந்தால்தானே கேட்பார்கள்? அவள் உட்கார்ந்து, முதல் நாளிலிருந்து வந்த ஒவ்வொரு பழுதறிக்கையையும் அழித்தாள். நகல்களையும் தேடி அழித்தாள். யாராலும், தன்னாலேயேகூட, மீட்டெடுக்க முடியாதபடி துடைத்தாள். அறிக்கை அனுப்புகிற பகுதியையே செயலியிலிருந்து பிடுங்கி எறிந்தாள். எழுந்தபோது, குளித்துவிட்டு வந்தது போல் இருந்தது அவளுக்கு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நல்லது செய்கிற ஆத்திரத்துக்கும் அது பொருந்தும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்க மந்தாரக்குப்பத்துக்குப் போனாள். ஹமீது கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது கை துணி சுற்றித் தொங்கியது. முனவரா அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். செவ்வந்தியும் அங்கேதான் இருந்தாள். இசைப்பிரியா வாசலிலேயே நின்று, தான் யார், தான் செய்தது என்ன என்று சொன்னாள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தே வந்திருந்தாள்.

ஹமீது திட்டவில்லை. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

"உள்ள வாம்மா. ராத்திரி செவ்வந்தி வந்து சொன்னதிலேர்ந்து உன்னைத்தான் நெனச்சிகினு இருந்தேன்" என்றார். "கேட்டுல போன் வெச்சா ஆப் நின்னுபோவும், அப்பறம் பேரு, எடம், நேரம் எல்லாம் உனக்கு எழுதி வந்துடும். அப்படித்தானே?"

"ஆமாங்க."

"தெனமும் எல்லா போனும் நிக்குமா?"

"அனேகமா எல்லாமே நின்னுதுங்க. அந்தக் கொட்டகைக்குள்ள சிக்னல் இல்ல."

ஹமீது இடது கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த வியாழக்கிழமை என் போனும் அங்கதான் கெடந்துது, சாயந்திரம்தான் வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்தாங்க. மூஞ்சியைக் காட்டிட்டுத்தான் உள்ள போனேன். மொதலாளி அவரு கம்ப்யூட்டர்ல என் வரியை அழிச்சிட்டாரு. ஆனா உங்கிட்ட இருக்குமேம்மா? அன்னிக்குக் காலையில சாகுல் ஹமீது போன் கம்பெனி கேட்டுல இருந்துதுன்னு? செவ்வந்தி சாட்சி சொன்னா, வேலையை வுட்டு எடுத்த வஞ்சத்துல சொல்றான்னு சொல்லுவாங்களாம். மெசின் சொன்னா அப்படிச் சொல்ல முடியாது இல்ல?"

முனவரா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். "இருக்குதாம்மா?"

இருந்தது. நேற்று மூன்று மணிவரை இருந்தது. இசைப்பிரியா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நேத்து எல்லாத்தையும் அழிச்சிட்டேன். அவர் கேட்டாரு, குடுக்கக் கூடாதுன்னு… உங்களுக்கு நல்லதுன்னு நெனச்சி…"

செவ்வந்தி தலையில் கையை வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"திரும்ப எடுக்க முடியாதா?" என்றாள் முனவரா.

"முடியாதுங்க. நானே கடலூர் வரேன். இருந்ததுன்னு சாட்சி சொல்றேன்."

"அவரு பேரு அதுல இருந்ததை நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டார் ஹமீது.

பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கில் வந்தவற்றை அவள் பிழைக்காகத்தான் பார்த்தாள், பெயருக்காகப் பார்த்ததில்லை. அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

ஹமீது மறுபடி தலையணையில் சாய்ந்தார். இல்லாத கையை ஒரு முறை பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீ கெட்ட பொண்ணு இல்லம்மா. அழிக்கறதுக்கு முன்னாடி, 'பாய், உங்க சேதி எங்கிட்ட இருக்குது, என்ன பண்ணட்டும்?'னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, எங்கையில ஒரு சாட்சி இருந்திருக்கும். எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா, ஒம்போது சாட்சி இருந்திருக்கும். எடுத்தப்பவும் எங்களைக் கேக்கல. அழிச்சப்பவும் எங்களைக் கேக்கல. எங்களைப் பத்தின சேதி எங்க சொத்தும்மா. எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லி, நாங்க எங்க வாயால சரின்னு சொல்ற வரைக்கும், அதுல கை வெக்கறவங்க நல்லவங்களா இருந்தா என்ன, கெட்டவங்களா இருந்தா என்ன? எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."